உள்ளுக்குத் திறக்கும் கதவு

எத்தாளையில் நான் வேலை செய்யும் இறால் பண்ணையில், களஞ்சிய அறைக்குள் நின்று, குளத்துக்குப் போடும் குளோரின் தூளை, காய்ந்த வாளி தேடச் சோம்பி ஈர வாளியால் அள்ளினேன். குப்பென்று புகை கிளம்பியது. அதே நேரம் காற்று அறைக் கதவை அறைந்து சாத்தியது. தும்பிக்கை இல்லாத யானை என்று நான் கேலி செய்யும் புகை தடுப்பு முகமூடி, வெளியே ஆணியில் தொங்கியது.

கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. கலிமாவைச் சொல்லிக்கொண்டே கதவைத் தோளால் இடித்தேன். அசையவில்லை. மவுத்துத்தான், சாவு வந்துவிட்டது என்று முடிவுசெய்து, மனைவியின் குற்றங்களை எல்லாம் மன்னித்தும் விட்டேன்.

"காக்கா, தள்ளாதீங்க! கதவு உள்ளுக்குத்தான் தொறக்கிற! பின்னுக்குப் போங்க!"

கூட வேலை செய்யும், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பாரிஸ், வெளியிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தான். நான் விலகியதும் உள்ளே பாய்ந்து என்னை இழுத்துப்போய் முகத்தில் தண்ணீர் ஊற்றினான்.

தினமும் திறக்கும் கதவையே பயம் மறக்கடித்துவிட்டது. இப்போது யானை முகத்தோடுதான் உள்ளே போகிறேன். பாரிஸ் சிரித்துவிட்டுப் போகட்டும்.