கருவிக்குச் சுற்றிய ரப்பர்

கண்ணாயிரம் கருணாபுரத்துக்காரர். இருபது வருஷமாகப் போர் மோட்டார் இறக்கும் வேலை. கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்தக் கொல்லையில் எத்தனை அடியில் மோட்டார் கிடக்கிறது என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒயர் ஜாயின்ட்டில் பழைய டியூப் ரப்பரை அவர் சுற்றினால் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பிறகு அவரைக் கவிழ்த்தது.

போர் வேலை குறைந்தபோது, அடுத்த தெருப் பழனிதான் அவரைக் கடலூருக்கு அழைத்துப்போய், தான் வேலை செய்த விசைப்படகிலேயே சேர்த்துவிட்டார். முதல் வாரம் முழுக்க வாந்தி. பழனி இரண்டு ஆள் வேலையை ஒண்டியாகப் பார்த்தார். முதலாளி அன்புச்செல்வன் காதுக்கு அது போகாமலும் பார்த்துக்கொண்டார்.

கடலை ஆராயும் கலையரசி என்ற பெண் அந்தப் படகுக்கு ஒரு கருவி கொடுத்தார். முழங்கை நீளக் குழாய். வலையோடு கட்டி இறக்கினால் அடித்தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளந்து வைத்துக்கொள்ளும். "ஜாக்கிரதைங்க, இது ஒண்ணுதான் இருக்கு" என்று கண்ணாயிரத்தின் கையில் கொடுத்தார்.

பொறுப்பு தலைக்கேறிய மனிதர், கடலுக்குள் போனதும் குழாய் முழுக்க ரப்பர் சுற்றிவிடுவார். கரைக்கு வரும்போது அவிழ்த்து, துடைத்து, பளபளவென்று ஒப்படைப்பார். குழாயில் இருந்த துளை தண்ணீர் உள்ளே போவதற்காகத்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நாற்பது நாள் கழித்து, கருவியில் சேர்ந்திருந்த அளவுகளை எடுத்துப் பார்த்த கலையரசி கோபமாக வந்தார்.

"உப்பு அளவு அசையவே இல்லங்க. இதுக்குள்ள கடல் தண்ணியே போகல. தொட்டியில போட்டு வச்சிட்டு ஏமாத்தியிருக்காங்க."

வலையோடு அதைக் கட்டி இறக்குகிறவர் பழனி. அது பெரிய தொல்லை என்று வாய்விட்டுப் புலம்பியவரும் அவர்தான். "நாளைலேர்ந்து நீ வராத" என்றார் அன்புச்செல்வன். பழனி ஒரு தடவை கண்ணாயிரத்தைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண்ணாயிரத்துக்கு நடந்தது என்னவென்று புரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

அடுத்த முறை அவர் ரப்பர் சுற்றவில்லை. அளவு சரியாக வந்தது.

"பாத்தீங்களா, அந்தாளு போனதும் சரியாயிடுச்சு" என்றார் கலையரசி.

தான் திருந்தியதே பழனி மேல் விழுந்த பழியை உறுதியாக்கிவிட்டதைக் கண்ணாயிரத்தால் தாங்க முடியவில்லை. ரப்பர் சுருளை எடுத்து வந்து கலையரசி, அன்புச்செல்வன் இருவர் முன்னாலும் வைத்தார். "நான்தாம்மா சுத்தனேன். தண்ணி போவக்கூடாதுன்னு."

கலையரசி தலையில் கை வைத்துக்கொண்டார். நாற்பது நாள் அளவும் இனி எதற்கும் உதவாது. அன்புச்செல்வன் திட்டித் தீர்த்துவிட்டு, "பழனியக் கூப்புடுயா" என்றார்.

கண்ணாயிரம் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"இன்னாத்துக்கு அழுவுற?" என்றார் பழனி. "அந்தம்மா தண்ணி போவலன்னு சொன்னப்பவே எனுக்குத் தெரிஞ்சிபோச்சு. நீ சுத்தறத தெனம் பாத்துக்கினுதான இருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ சொல்லுவன்னு நின்னேன்."

முதலாளி திரும்ப வரச் சொன்னதாகக் கண்ணாயிரம் சொன்னார்.

"உங்கூட ஒரே படகுல வர முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் பழனி போனை வைத்துவிட்டார்.