பேனா பிடிக்கிறவர் பேசக் கூடாது

கோவில்பட்டியில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, ஒரு தகரக் கூரைக்குக் கீழே மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து ஒருவர் வந்து, "அறுக்கப் போற நேரத்துல மழ பெஞ்சு உளுந்தெல்லாம் போச்சும்மா" என்பார். நான் "பருவம் தவறிப் பெய்த தொடர் மழையின் காரணமாக எனது உளுந்துப் பயிர் முற்றிலும் சேதமடைந்து" என்று எழுதுவேன். வாசித்துக் காட்டினால் அவருக்கே தன் கஷ்டத்தின் மேல் ஒரு மரியாதை வந்துவிடும். இந்தக் கையெழுத்தையும் நடையையும் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த மகளுக்கு எழுத்து பிடிபடவில்லை. வரியில் பாதி போவதற்குள் எழுத்துகள் இடம் மாறிவிடுகின்றன என்பாள். பள்ளிக்கூடத்தில் அதைக் கவனக்குறைவு என்றார்கள், திமிர் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு இனி போகமாட்டேன் என்றாள். போகவும் இல்லை.

பசுவந்தனையிலிருந்து என் கொழுந்தனார் வந்தார். "புதியம்புத்தூர்ல தையலுக்குச் சேத்துவிடுங்க மதினி. பிள்ளைக்குக் கைவேல நல்லா வரும்" என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். தையல் ஒன்றும் மட்டமான வேலையும் இல்லை. ஆனால் படிப்பு வராதவளைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடமாக எல்லோரும் அதைச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காப்பி கொடுத்து அனுப்பி வைத்தேன்.

அந்த வருஷம்தான் ஒரு கல்வி மையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பருப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் மாடியில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஒட்டாமல் போன பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு டீச்சர். என் வயதில் பாதிதான் இருப்பாள். படியேறும்போதே சந்தைக்கடை இரைச்சல் கேட்டது. பிள்ளைகள் நடந்துகொண்டும் சன்னலில் சாய்ந்துகொண்டும் பாடத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது என்ன பள்ளிக்கூடம் என்று முகத்தைச் சுளித்தேன். என் மகளோ சேர்ந்த ஒரு வாரத்தில் வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தாள். இரண்டு வருஷமாக வீட்டில் கேட்காத குரல் அது.

டீச்சர்தான் எங்களைத் தூத்துக்குடிக்கு அனுப்பி, கற்றல் குறைபாட்டுக்கான மருத்துவச் சான்றிதழ் வாங்க வைத்தாள். அது இருந்தால் பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக, வாயால் பதில் சொல்லி எழுதலாம். சொல்வதை எழுத ஓர் ஆசிரியரை அரசாங்கமே அமர்த்தும். ஒரு மணி நேரம் கூடுதலாகவும் உண்டு.

"சொல்லி எழுதவைக்கதுக்கும் பழக்கம் வேணும்க்கா. வீட்டுல நீங்க எழுதுங்க" என்றாள் டீச்சர். எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் கேள்வி இரத்த ஓட்டம். மகள் கண்ணை மூடிக்கொண்டு, "ரத்தம் இதயத்துல இருந்து நுரையீரலுக்குப் போவும். அங்கன ஆக்சிஜன வாங்கிட்டுத் திரும்பவும் இதயத்துக்கே வரும்" என்றாள். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொன்னாள். நான் நல்ல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன்: "மேற்படி இரத்தமானது நுரையீரலைச் சென்றடைந்து, அவ்விடத்தில் ஆக்சிஜனைப் பெற்றுக்கொண்டு..."

மகள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து நின்றாள். முகம் சிறுத்துவிட்டது.

"இது நான் சொன்னதில்ல. நான் சொன்னா அது பதிலே இல்ல, அப்படித்தான?"

"ஏட்டி, நல்லா இருக்கட்டுமேன்னுதான்..."

"ஸ்கூல்லயும் இப்படித்தான் சொன்னாவ. நீ எனக்கு எழுத வேண்டாம். நான் பரீட்சைக்கே போவல."

நிஜமாகவே மையத்துக்கும் போகவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மேற்படியால் என் பிள்ளையின் படிப்பு போய்விடுமோ என்ற பயத்தில் மேசையைப் பூட்டிவிட்டு மத்தியானமே கிட்டங்கி மாடிக்குப் போனேன்.

டீச்சர் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இங்கன ஒரே ஒரு சட்டம்தான்க்கா. பேனா பிடிக்கிறவிய பேசக் கூடாது. முகத்துலயும் ஒண்ணும் காட்டக் கூடாது" என்று சொல்லி, இன்னொரு பெண்ணுக்கு எதிரே என்னை உட்கார வைத்தாள். அந்தப் பிள்ளை பாதி வாக்கியத்தில் நின்று விட்டத்தைப் பார்க்கும். அடுத்த சொல் என்னவென்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் பிள்ளைக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. சொல்லக் கூடாது. சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒருமுறை வாயைத் திறந்துவிட்டேன். டீச்சர் அந்தத் தாளை வாங்கி மடித்துவைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள்.

மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். அம்மா அங்கே வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்ற செய்தி மகளுக்குப் போயிருக்கிறது. வேடிக்கை பார்க்கவென்றே வந்தாள். வந்தவள் தங்கிவிட்டாள். ஆனால் என் எதிரே உட்காரவில்லை, தோழி ஒருத்தியை எழுதவைத்துத்தான் பழகினாள். "தமிழ்ப் பரீட்சைக்கு மட்டும் போறேன். பிடிக்கலன்னா மத்ததுக்குப் போவமாட்டேன்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

பரீட்சையன்று பள்ளி வாசலில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள், பெற்றவர்கள் கேள்வித்தாளைப் பிடுங்கிப் பார்த்தார்கள், வண்டிகள் கிளம்பின. தெரு காலியானது. என் மகளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முன்பின் தெரியாத யாரோ ஓர் ஆசிரியர் அவள் எதிரே பேனாவோடு உட்கார்ந்திருப்பார். அவர் உச்சுக்கொட்டினால் போதும், என் மகள் எழுந்து வந்துவிடுவாள். கேட் திறக்கிற சத்தம் வந்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன்.

நேரம் முழுவதும் முடிந்த பிறகுதான் வந்தாள். பாட்டில் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தாள். குரல் கட்டியிருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகு அவளே சொன்னாள். "எழுதுன டீச்சரு நல்லவிய. நான் யோசிக்கும்போது சும்மா இருந்தாவ."

"ம்" என்றேன்.

"எம்மா, அறிவியலுக்கு வீட்டுல நீ எழுதுதியா?"

அழுகை வந்தது. மறைக்கப் பையைக் குடைவதுபோலக் குனிந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மடியில் விரித்தேன். "வீட்டுல என்ன, இப்பவே எழுதுதேன். வேர் எப்படித் தண்ணி எடுக்கும்?" என்றேன்.

"வேர்ல மெல்லிசா தூவி இருக்கும். மண்ணுல உள்ள தண்ணி அது வழியா உள்ள போவும். அதுக்குப் பேரு..." என்று நிறுத்தினாள். கண்ணை மூடினாள். எங்கள் பஸ் வந்தது. அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் எங்களைப் பார்த்து விசிலடித்தார். நான் போகச் சொல்லிக் கையை மட்டும் அசைத்தேன். பஸ் போய்விட்டது. எனக்குத் தெரிந்த சொல் நாக்கு நுனியிலேயே கிடந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு பேனாவைத் தாளில் ஊன்றியபடி இருந்தேன்.

"சவ்வூடு பரவல்" என்றாள்.

எழுதினேன். வாசிக்கச் சொன்னாள். அவள் சொன்னபடியே, தண்ணியைத் தண்ணி என்றே வாசித்தேன்.

"அடுத்த கேள்வியக் கேளு" என்றாள்.