சிங்கத்தின் பின்னங்கால்

இரண்டு பேர் உள்ளே நின்று ஆடும் திருவிழாத் துணிச் சிங்கத்தின் முகம் ஊருக்கெல்லாம் தெரியும். பின்னங்கால்களை யாரும் கவனிப்பதில்லை. வீடுவீடாக எரிவாயு உருளை போடும் மொரியோ, பள்ளி முடித்ததிலிருந்து பின்னங்கால்தான். துணிக்குள் குனிந்து, முன்னால் தலையைத் தூக்கி ஆடும் அண்ணனின் வெடித்த குதிகால்களைப் பார்த்தே ஆடியவன். அந்த அண்ணன் இந்த வருஷம் நாற்று நடவு சமயத்தில் செத்துப்போனான்.

சாவு விழுந்த வீட்டார் வருஷம் திரும்பும்வரை கோயிலின் நுழைவளைவைத் தாண்டக் கூடாது. ஆனால் இந்த அறுவடைத் திருவிழாவில் சிங்கம் எழுந்து நிற்காவிட்டால் ஆட்டக்குழுவைக் கலைத்துவிடுவதென்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்திருந்தார்கள். எழுவதென்றால், தலைக்காரன் பின்னங்காலின் தோளில் ஏறி நிற்க வேண்டும். அப்படித் தாங்கும் தோள் மொரியோவுக்குத்தான் இருந்தது.

"துணிக்குள்ளயே வா, துணிக்குள்ளயே போ. உன் மூஞ்சிய எவன்டா பாத்தான்?" என்றான் சிகெகி. நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று சோயாக்கட்டி செய்யும் தோஃபுக் கடைக்காரன், இப்போது தலை அவனிடம்.

"சாமி பாக்காதா?"

"உன் பின்பக்கத்தைப் பாக்கணும்னு சாமிக்கு என்னடா வேண்டுதலா?"

எல்லோரும் சிரித்தார்கள். மொரியோவும் சிரித்துவைத்தான். அதுவே சம்மதமாகிவிட்டது.

திருவிழா மதியம், குழல்காரர்கள் முன்னே போக, சிங்கம் கோயில் வாசலுக்கு வந்தது. துணிக்குள் அரிசிச் சாராய நெடி. கண்முன்னே, தண்ணீரில் ஊறி வெளுத்த சிகெகியின் குதிகால்கள். அவை வளைவைத் தாண்டின. மொரியோவின் கால்கள் நின்றுவிட்டன.

சிங்கம் நடுவில் இழுபட்டு நின்றது. புதுசாக ஏதோ வேடிக்கை காட்டுகிறார்கள் என்று கூட்டம் சிரித்தது.

"நடடா!"

"முடியல சிகெகி."

"உங்கண்ணன் ஆட்டம்டா இது, பாவி!"

"அதனாலதான்டா முடியல."

சிகெகி முன்னால் எட்டுவைத்தான். துணி மொரியோவின் முதுகிலிருந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. வெட்டவெளியில், இன்னும் குனிந்தபடியே அவன்.

வேலியோரம் அண்ணி நொபுயோ நின்றிருந்தாள். அவளும் உள்ளே போகக் கூடாதவள்.

"உள்ள போகத்தான் வந்தீங்களா?"

அவன் வளைவுக்குள் போய்க்கொண்டிருந்த துணியையே பார்த்தான்.

"போயிருக்கலாம். நான் பாத்திருந்தாலும் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

உள்ளே மத்தளம் வேகம் பிடித்தது. சிங்கம் எழும் இடம். மொரியோவின் முழங்கால்கள் தாமாக மடங்கின, தோள்கள் விறைத்துக்கொண்டன. மத்தளம் ஒரு கணம் மூச்சடக்கியது. அந்த இடத்தில் ஊரே ஓவென்று கத்தும். இன்று யாரும் கத்தவில்லை. குழல் மட்டும் தயங்கித் தயங்கி அடுத்த பாட்டுக்குப் போனது.

"நிமிருங்க தம்பி," என்றாள் அண்ணி.

அவனால் நிமிர முடியவில்லை.