ஞாயிற்றுக்கிழமை ஊதாத சங்கு

ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் நான் முழுக்கை குர்தா போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போவது எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் ஒரு வேடிக்கையாக இருந்தது. எதிர் வீட்டு சுஜாதா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "மீ மெட்ராஸ்லோ இன்தேனா?" என்று கேட்டாள். உங்கள் மெட்ராஸில் பெண்கள் இப்படித்தானா என்று அர்த்தம். நான் திருச்சி பொன்மலைக்காரி. மெட்ராஸுக்குப் போனது மொத்தமாக நாலு தடவை இருக்கும். ஆனால் இங்கே தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் மெட்ராஸ்தான். ஆமாம், எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லிவிட்டேன். ஒரு ஊரின் பெண்கள் அத்தனை பேருக்கும் நான் முழுக்கை மாட்டிவிட்டேன். வெட்கமாக இல்லை. அந்தக் கைக்குள் இருந்தது என் மகளின் பல் தடம்.

அனுவுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். வார்த்தை வரவில்லை. கணவருக்கு லாலாகுடா பணிமனைக்கு மாற்றலாகி நாங்கள் வந்தபோது அவளுக்கு மூன்று வயது. வந்த முதல் நாள் சாயங்காலம் நாலரை மணிக்குப் பணிமனைச் சங்கு ஊதியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பொன்மலையிலும் சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். சங்கு ஊதினால் உலையில் அரிசி, சங்கு ஊதினால் அப்பா. பாஷை தெரியாத ஊரில் எனக்குப் புரிந்த முதல் குரல் அதுதான். அனுவுக்கும் அது புரிந்தது. சங்கு ஊதியதும் ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். கீழே அப்பாவின் சைக்கிள் தெரிந்ததும் கதவைத் திறந்து வைத்துவிடுவாள். அவர் மூன்று மாடி ஏறி வந்து ஒருநாளும் கதவைத் தட்டியதில்லை. அவள் எங்களோடு பேசிய ஒரே பேச்சு அது.

ஞாயிற்றுக்கிழமை சங்கு கிடையாது. நாலரைக்கு அவள் ஜன்னலுக்குப் போவாள். சத்தம் வராது. வரவேண்டிய அப்பாவோ லுங்கியைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளுவாள். அவரும் ஒருமுறை இறங்கிப் போய் சைக்கிளோடு கீழே நின்று பார்த்தார். சங்கை போனில் பதிவு செய்து போட்டும் பார்த்தோம். போனைத்தான் சுவரில் அடித்தாள். அப்புறம் தன் புறங்கையைக் கடிப்பாள், நெற்றியால் கம்பியை முட்டுவாள். ஊரே ஞாயிறுக்காகக் காத்திருக்கும். நாங்கள் சனிக்கிழமையிலிருந்தே அதற்குப் பயப்படுவோம்.

அனுவைக் காட்டப் போனபோது, எப்படி இருக்கிறாள் என்று டாக்டர் கேட்டார். கணவர், "சண்டே ரொம்ப மோசம் மேடம், ரத்தம் வர்ற அளவுக்குக் கடிச்சுக்கறா" என்றார். நான், "மத்த நாள் நல்லாத்தான் இருக்கா" என்றேன். டாக்டர் தமிழ் அறியாதவர். எங்கள் உடைந்த இந்தியையும் ஆங்கிலத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டில் இரண்டு குழந்தைகளா என்றார். நாங்கள் அவசரமாக, இல்லை, ஒன்றுதான் என்றோம். நாங்கள் ஆளுக்கொரு பிள்ளையைச் சொல்லியிருக்கிறோம் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அவர் எதையும் மறைக்கவில்லை. ஆட்டிசத்துக்கு மருந்து இல்லை. நான் எழுதித் தருகிற இந்த மாத்திரை கடிப்பதற்கும் முட்டிக்கொள்வதற்கும்தான். கொஞ்சமாக ஆரம்பிப்போம், தூக்கம் வரலாம், பசி கூடலாம், எடையையும் ரத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருப்போம். ஒத்துவராவிட்டால் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். கடைசியில், முடிவு உங்களுடையது என்றார். நல்லவர்தான். ஆனால் எங்களுக்கு இரண்டு கையாலும் அள்ளிக் கொடுக்க எல்லோரிடமும் அது ஒன்றுதான் இருக்கிறது, முடிவு உங்களுடையது.

சீட்டு ஒரு மாதம் அலமாரியில் கிடந்தது. எனக்குப் பயம். பொன்மலையில் எங்கள் வரிசையில் ஒரு பையன் இருந்தான். ஏதோ மாத்திரை கொடுத்தார்கள் என்பார்கள். முன்பு தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடியவன், பிறகு நாள் முழுக்க நாற்காலியில் வாய் ஒழுக உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா, "இப்ப தொந்தரவில்ல" என்று எல்லோரிடமும் சொல்வாள். அந்தத் தொந்தரவில்லாத பிள்ளை எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். திருச்சியிலிருந்து அக்காவும் போனில், "மருந்து கிருந்து குடுத்துப் புள்ளைய மந்தமாக்கிடாதடி" என்றாள். இதே அக்கா தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அனுவை மாடி அறையில் டிவி போட்டு உட்காரவைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டவள். சம்பந்தி வீட்டார் வருகிறார்களாம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்.

ஆனால் நானும் யோக்கியமில்லை. மற்ற நாள் நல்லாத்தான் இருக்கிறாள் என்று டாக்டரிடம் சொன்னேனே, அது பொய். மிக்ஸி சத்தத்துக்கு, கரண்டு போனதற்கு, ஒன்றுமே இல்லாததற்கு எல்லா நாளும்தான் கடித்தாள். அவள் வாய்க்கும் அவள் கைக்கும் நடுவில் நான் என் கையைக் கொடுத்தேன். அதனால் அவள் கையில் தடம் விழவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக, நான் முழுக்கைக்குள் மறைத்தேன்.

மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது ஒருநாள் குர்தாவின் கை மேலே ஏறிவிட்டது. சுஜாதா பார்த்துவிட்டாள். என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போய், குரலைத் தாழ்த்தி, "மீ ஆயன கொடதாரா?" என்றாள். உன் வீட்டுக்காரர் அடிக்கிறாரா? ஒரு நிமிஷம் யோசித்தேன். இல்லை, குழந்தைதான் என்று சொன்னால், நாளையிலிருந்து அவள் பிள்ளைகள் அனுவைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவள் அழுதது ஒன்றுக்கு, நான் அழுதது வேறொன்றுக்கு.

சுஜாதாவின் கணவருக்கும் என் கணவருக்கும் பணிமனையில் ஒரே பிரிவில் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த மனிதர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாராம். இவர் விடாமல் துருவிக் கேட்டிருக்கிறார். பெண்டாட்டியை அடிக்கிறவனோடு எனக்குப் பேச்சில்லை என்று அவர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

அன்றைக்குச் சங்கு ஊதி, அனு கதவைத் திறந்ததும், இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்தார்.

"கைய மடிச்சுக் காட்டு."

காட்டினேன். புதிய தடம் ஒன்றை விரலால் தொட்டார்.

"இது எப்போ?"

"செவ்வாக்கெழம."

"செவ்வாக்கெழமையா?" என்றார். அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன். ஞாயிறு ஒருநாள்தான் என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர். "அப்போ தெனமும் இதானா?"

"ஆமா."

"நான் பொண்டாட்டிய அடிக்கறவன்னு பேர் வாங்கினாலும் பரவால்ல, மாத்திரை மட்டும் ஆகாது. அப்படித்தான?"

 அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் அலமாரியைத் திறந்து சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீ சொல்லு. நீ சொல்லாம நான் வாங்க மாட்டேன்." நான் அனுவைப் பார்த்தேன். தன் புறங்கையின் பழைய காய்ப்பை நக்கிக்கொண்டிருந்தாள். நான் காப்பாற்றியது யாரை என்று அப்போது எனக்கே சந்தேகமாக இருந்தது. வாங்கிட்டு வாங்க என்றேன். மறுநாளே டாக்டரிடம் போய், முழுக்கையை மடித்துவிட்டு, உண்மையைச் சொன்னேன்.

மருந்து ஆரம்பித்து இப்போது ஐந்து மாதம். முதல் இரண்டு வாரம் தூங்கித் தூங்கி விழுந்தாள், நான் தினமும் செத்துப் பிழைத்தேன். பிறகு தெளிந்தாள். கடி ரொம்பக் குறைந்துவிட்டது. தெரபியில் இருபது நிமிஷம் உட்காருகிறாள். தண்ணீர்ப் படத்தைத் தொட்டுக் காட்டித் தண்ணீர் கேட்கிறாள். பொன்மலைப் பையனைப் போல ஆகவில்லை. மூன்றாம் முறை சோறு கேட்கிறாள், போன வருஷப் பாவாடை எதுவும் இடுப்பில் ஏறவில்லை. ஞாயிறு நாலரை மணி மற்ற மணிகளைப் போல வந்து போகிறது. முதல்முறையாக நாங்கள் மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பஜ்ஜி சாப்பிட்டோம். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் கசக்கிறது.

நானும் அரைக்கைக்கு மாறினேன். சுஜாதா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாரிப்போயாரு கதா!" என்று முகமெல்லாம் சிரித்தாள். உன் வீட்டுக்காரர் திருந்திவிட்டார்! இனியும் பொறுக்கக்கூடாது என்று, எனக்குத் தெரிந்த தெலுங்கையெல்லாம் கூட்டி, அவர் ஒருநாளும் அடித்ததில்லை, குழந்தை கடித்தது, இப்போது மருந்து கொடுக்கிறோம் என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. புருஷன் மானத்தைக் காப்பாற்ற, வாயில்லாத பிள்ளை மேல் பழியைப் போடுகிறாயே, பாவம் இல்லையா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பொய்யை ஒரு தலைகுனிவில் நம்பியவள், உண்மையை நம்பவில்லை. என் கணவர் இந்த வளாகத்தில் திருந்திய மனிதராகத்தான் நடமாடுகிறார்.

நேற்று நாலரைக்குச் சங்கு ஊதியது. அனு தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஜன்னலுக்குப் போவதை அவள் விட்டு மூன்று மாதமாகிறது. மருந்தா, வயதா, டாக்டருக்கும் தெரியவில்லை. அடுத்தமுறை அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார். நான் எழுந்து போய் அவள் இடத்தில் நின்றேன். பொன்மலையில் அப்பாவுக்காக இப்படித்தான் நிற்பேன். ஆனால் அப்போது முழுதாக நின்றேன். இப்போது ஒரு காது தெருவில், ஒரு காது கூடத்தில், அவள் எழுந்து வரும் சத்தம் கேட்கிறதா என்று. கீழே அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தார். ஜன்னலில் என்னைக் கண்டதும் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன், கதவை மட்டும் அனு திறக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு மூன்று மாடி ஏறி வந்து, அவர் தன் வீட்டுக் கதவைத் தட்டினார்.