முதுகு காட்டி நின்ற பெண்

சனிக்கிழமை காலை ஏழரைக்கு மொன்றியலில் பஸ் ஏறினேன். ரொறன்ரோ ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். பக்கத்து இருக்கையில் ஒரு மட்டக்களப்புக்காரர். என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார். ஒரு ஓவியத்துக்குள்ளே நடந்து பார்க்கப் போகிறேன் என்றேன். "உள்ள போறது லேசு, வெளியில வாறதுதான் கரைச்சல்" என்றுவிட்டு உறங்கிப்போனார்.

இரண்டரைக்கு இறங்கியபோது குகன் காத்து நின்றார். ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரர். இங்கே சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் தனி ஆள். கலியாணம் முடித்த ஏழாம் மாதம் நாட்டைவிட்டு வெளிக்கிட்டவர். ஆறு வருடமாகிவிட்டது. மனைவி கொழும்பில் விசாவுக்குக் காத்திருக்கிறா. ஞாயிறுதோறும் தொலைபேசியில் குரல் வருகிறது, ஆள் வரக் காணோம். ஸ்பொன்சர் அலுவல் எந்த மட்டில் என்றேன்.

"என்ர ஃபைல் அவையின்ர மேசையில நல்லா நித்திரை கொள்ளுது, அண்ணை."

ஸ்ரீற்கார் எனும் தெரு ரயில் பிடித்து நாலு மணிக்குக் கண்காட்சி மண்டபம் சேர்ந்தோம். நுழைவு ஆறு டொலர். குளிர்சாதனப் பெட்டி அளவில் ஒரு கணினி. அதிலிருந்து தடித்த வயர் ஒன்று தலைக்கவசத்துக்குப் போகிறது. கவசத்தை மாட்டினால் ஐரோப்பிய அருங்காட்சியகத்துப் பெயர்பெற்ற ஓவியங்கள் உங்களைச் சுற்றி எழும்பி நிற்கும். கைப்பிடியில் பொத்தானை அழுத்தினால் நடக்கலாம். அன்றைய ஓவியம் ஒரு அறை. யன்னலோரம் ஒரு பெண், நமக்கு முதுகு காட்டியபடி. வரைந்தவர் அவள் முகத்தை யாருக்கும் காட்டவில்லை. இயந்திரக்காரர்கள் காட்டுகிறார்கள்: கிட்டப்போனால் திரும்பிப் பார்ப்பாள். சனம் வரிசையில் நின்றது அதற்குத்தான்.

நானும் பார்த்தேன். முகம் கட்டம் கட்டமாக, பீங்கான் பொம்மை போலிருந்தது. யன்னல் சீலை அசைந்தது மட்டும் உண்மையாகவே அழகு.

அடுத்தது குகன்; அவர் காண்பது வெளியே ஒரு சிறு திரையிலும் தெரிந்தது. நாலைந்து அடி நடந்திருப்பார், நின்றுவிட்டார். பிறகு மெல்ல, ஆனால் எல்லாருக்கும் கேட்க, "இஞ்சாரும்" என்றார்.

வரிசையில் நின்ற தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் புருசன் பெண்சாதியைப் பெயர் சொல்லியா கூப்பிடுகிறான்? இங்கே பாரும் என்கிற அந்தச் சொல்தான் எல்லா வீட்டுக்கும் பொது.

"ஆரையப்பா உந்த மனுசன் கூப்பிடுறார்?" என்று ஒருத்தி சிரித்தா.

ஓவியத்துப் பெண்ணுக்கு மட்டும் கேட்கவில்லை. கவசத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெண், இன்னும் ஒரு அடி வைத்தால் திரும்புவாள் என்று இரண்டு தரம் ஆங்கிலத்தில் சொன்னாள். குகன் தலையாட்டினார். பொத்தானை அழுத்தவில்லை. தனக்குரிய நாலு நிமிடமும் அந்த முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

வெளியே வந்து ஸ்ரீற்காருக்கு நிற்கையில், ஏன் அந்த ஒரு அடியை வைக்கவில்லை என்று கேட்டேன்.

"திரும்பினா வேற ஆள்தானே, அண்ணை."

ஸ்ரீற்கார் வந்தது, ஏறினோம்.

ஞாயிறு மாலை மொன்றியலில் வீட்டுக் கதவைத் திறந்தேன். குசினியில் மனைவி அடுப்பைப் பார்த்தபடி நின்றா. "சாப்பிட்டியளே?" என்றா, திரும்பாமலே. மற்ற நாளென்றால் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே பதில் சொல்லியிருப்பேன். அன்று சொல்லாமல் நின்றேன். சத்தத்தைக் காணவில்லையே என்று அவ திரும்பிப் பார்க்கும்வரை நின்றேன்.