பின் போர்ஷனுக்காக நான் சொன்ன சாட்சி

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீடு பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்பக்கம் நாங்கள். பின் போர்ஷனில் ஒரு தையல்கார அக்கா, அவள் வீட்டுக்காரர், இரண்டு பெண் பிள்ளைகள். பதினோரு வருஷமாகக் குடியிருந்தார்கள். அவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வேலை, அதுவும் பாதி நாள்தான் இருக்கும். அக்காவின் மிஷின்தான் குடும்பத்தை ஓட்டியது. தெருப் பெண்கள் எல்லாருடைய ஜாக்கெட் அளவும் அவளுக்கு மனப்பாடம். என் அளவும்தான்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்தவர். கடை பெருகியதும் சரக்கு வைக்க இடம் போதவில்லை. பின் போர்ஷன் மேல் கண் விழுந்தது. காலி செய்யச் சொன்னார். அவர்கள் மாட்டோம் என்றார்கள். எப்படிச் செய்வார்கள்? அந்தத் தெருவை விட்டால் அக்காவுக்குத் தையல் கிடையாது. இஷ்டத்துக்கு யாரையும் வெளியேற்ற முடியாதபடி சட்டமும் இருந்தது. ஆனால் சொந்தக் குடும்பம் குடியிருக்க வேண்டும் என்றால் வீட்டைக் கேட்கலாம். எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மகளும் மருமகனும் குடியிருக்க இடம் தேவை என்று வக்கீல் மனு எழுதினார், அப்பா கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது, மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அம்மா சமையலறையில் உட்கார்ந்து, கல்யாணம் நின்றுபோச்சே என்று வாய்விட்டு அழுதாள். எங்கள் சமையலறைக்கும் அக்காவுடையதற்கும் நடுவில் ஒரே சுவர். மறுநாள் கிணற்றடியில் அக்கா என்னிடம் பேசவில்லை. கேஸ் ஆரம்பித்ததிலிருந்தே பேச்சு இல்லை. ஆனால் தன் குடத்தை ஓரமாக நகர்த்திவிட்டு எனக்கு வாளியில் இறைத்துக் கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

"கேஸை வாபஸ் வாங்கிருங்கப்பா" என்றேன்.

"வாங்கினா எதுக்குன்னு கேப்பாவ. என்னத்தச் சொல்ல? மாப்ள வீட்ல வேண்டாம்னுட்டாவன்னா? கோர்ட்ல ரெண்டு கேள்விதாம்மா. ஆமான்னு சொல்லிட்டு எறங்கிரு."

நான் பட்டப்படிப்பு முடித்தவள். பொய்ச் சாட்சி என்றால் என்னவென்று தெரியாதவள் இல்லை. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாவுக்குப் பயந்து அல்ல, ஊர் வாய்க்குப் பயந்து. இன்று நினைத்தாலும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கோர்ட் என்றால் பெரிய மண்டபம் என்று நினைத்திருந்தேன். மின்விசிறி கடகடக்கும் ஒரு சின்ன அறை. கூண்டில் ஏறினேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் போர்ஷனில்தான் குடியிருக்கப்போகிறீர்களா என்று எங்கள் வக்கீல் கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்து அக்காவின் வக்கீல் எழுந்தார். "கல்யாணம் என்னிக்கு..." என்று ஆரம்பித்தார். அந்த ஒரு கேள்வி போதும். எங்கள் மனு அங்கேயே செத்திருக்கும்.

அவர் கேட்டு முடிக்கும் முன் அக்கா பின்னாலிருந்து அவருடைய கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தாள். நீதிபதி குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் நன்றாகக் கேட்டது.

"அத்த கேக்காத சார். நின்னு போச்சுன்னு இங்க நாலு பேரு எதிர்ல வந்துடும். வயசுப் பொண்ணு. நாளைக்கி அத்த எவன் கட்டுவான்?"

"கேக்கலேன்னா வீடு போயிடும்மா."

அவள் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அக்கா அங்கியை விடவில்லை. கேள்வி எதுவும் இல்லை என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதியை நான் குறை சொல்லமாட்டேன். தன் காதில் விழுந்ததை வைத்து நியாயமாகத்தான் தீர்ப்புச் சொன்னார். காலி செய்ய மூன்று மாதம் அவகாசமும் கொடுத்தார்.

அவர்கள் போன அன்று கைவண்டியில் மிஷின் தலைகீழாகக் கிடந்தது. கல்யாணத்துக்காக, கேஸுக்கு முன்பே நான் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை முடித்து, மடித்து, எங்கள் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். நான் உள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வரவில்லை. அடுத்த வாரமே அந்தப் போர்ஷனில் புடவை மூட்டைகள் ஏறின.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, அடையாறுக்குப் போனேன். பெண் பார்க்க வந்தவர்களிடம், முன்பு ஒரு சம்பந்தம் தட்டிப்போனதை அப்பாவே சொல்லிவிட்டார். "அதுக்கென்ன, எங்க வீட்லயும் ஒண்ணு அப்படி ஆச்சு" என்று சொல்லிவிட்டு என் மாமியார் இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதன்பின் ஒரு தடவை பனகல் பூங்கா பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள். நான் ஒதுங்கிவிடப் பார்த்தேன். அவளே வந்து கையைப் பிடித்தாள்.

"இன்னா பாப்பா, நல்லா கீறியா?" கண் நேராக என் தாலிக்குப் போனது. முகம் மலர்ந்தது.

இப்போது ஈக்காட்டுத்தாங்கலில் குடியிருக்கிறார்களாம், மிஷினை விற்றாயிற்றாம். "அந்தாண்ட தைக்கறதுக்கு யாரு குடுக்கறா? பட்டறைல இரும்புக்குப் பிசிறு தட்டிக்கினு கீறேன்." பெரியவள் பள்ளிக்கூடத்தை விட்டு அவளோடு அதே வேலைக்கு வருகிறாளாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அன்னிக்கி மட்டும் அந்த வக்கீலு கேட்டுருந்தார்னா, உனுக்கு இப்டி ஒரு வாழ்வு வந்துருக்குமா, சொல்லு" என்றாள்.

விரல் முனையெல்லாம் வெட்டுக் காயம். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"வந்திருக்காதுக்கா" என்றேன்.

அவள் சந்தோஷமாகப் பஸ் ஏறிப் போனாள்.