ராயபுரம் ஸ்டேஷனில் பறந்து வந்த மீன்

என் மனைவிக்குக் காது கேட்காது. பழைய கட்டடங்கள் என்றால் அவளுக்கு உயிர். ராயபுரம் ரயில் நிலையத்தின் பழைய தூண்களுக்கு முன்னால் என்னை நிறுத்திவிட்டு, செல்போனைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தாள். தூண்கள் முழுதாகப் படத்தில் வரவேண்டுமாம். பிளாட்பாரம் இல்லாத அந்தப் பக்கத்தில் அவள் குதிகால் தண்டவாளத்தைத் தொட்டபோதுதான் சரக்கு ரயில் வருவதைப் பார்த்தேன். கத்தினேன். கைகளை வீசினேன். நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தாள்.

திடீரென்று ஒரு மீன் பறந்து வந்து அவள் தோளில் அடித்தது. என் பக்கத்தில் கூடையோடு நின்று அதை எறிந்த மீன்காரம்மாவை நோக்கி என் மனைவி கோபத்தோடு பாய்ந்து வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ரயில் தடதடத்து ஓடியது.

"இன்னாம்மா, அவரு இப்புடிக் கூவிக்கினு கீறாரு, உனக்குக் காது கேக்கலியா?"

"கேக்காதும்மா" என்றேன்.

அந்த அம்மா பதறிப்போய், என் மனைவியின் தோளில் ஒட்டியிருந்த செதிலை முந்தானையால் துடைத்தார்.

ஏன் ஓடிவந்து இழுக்கவில்லை என்று மனைவி இன்றுவரை கேட்கவில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.